80 விநாடி ஷோபான்: இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

கறுப்புக்கட்டை:
நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பியானோ இசையமைப்பாளர் ஷோபான் எழுதிய, யாரும் அறியாத வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன இசை) ஒன்று கிடைத்ததாக 2024 அக்டோபரில் செய்தி வந்தபோது நானும் துள்ளிக் குதித்தேன். பியானோ கலைஞர் லாங் லாங் வாசிக்க, டாய்ச்ச கிராமஃபோன் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட பதிவைக் கேட்டேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மொத்தமே 24 பார் (தாளக் கட்டம்); திரும்ப வாசித்தாலும் ஒன்றரை நிமிடம் தேறாது. 10க்கு 13 சென்டிமீட்டர் அட்டையில் யாருக்கோ பரிசாக எழுதிய துண்டு போலிருக்கிறது. அதற்கு இத்தனை தண்டோராவா?

மழைக்காலம்:
நீளம்தான் கணக்கு என்றால் அவருடைய ஏ மேஜர் பிரெல்யூட் என்ற குட்டிப் பியானோ இசையை எங்கே வைப்பீர்கள்? அது 16 பார்தான். இதன் தொடக்கத்தைக் கவனித்தீர்களா? மெல்ல முனகிக்கொண்டே வந்து, சட்டென்று மூன்று எஃப் (fff, மிகமிக உரக்க என்ற குறி) போட்ட இடி. பரிசு அட்டையில் யார் இப்படி இடி இறக்குவார்?

கறுப்புக்கட்டை:
என் சந்தேகமே அதுதான். அட்டையில் அவர் ஒப்பமிடவில்லை. மேலே இருக்கும் 'ஷோபான்' என்ற பெயரும் வேறு யாரோ எழுதியது. அப்புறம் எப்படி அவருடையது என்று அடித்துச் சொல்கிறார்கள்?

ஏட்டுப்பூச்சி:
தாளும் மையும் அவர் காலத்தவை; 1830-35 என்று கணிக்கிறார்கள். பேஸ் கிளெஃபை (கீழ்ச் சுரங்களுக்கான குறியை) அவர் வளைக்கும் விதமே தனி, அதுவும் பொருந்துகிறது. அட்டையைக் கண்டெடுத்த நூலகக் காப்பாளர் ராபின்சன் மெக்லெல்லன், ஷோபான் ஆய்வாளர் ஜெஃப்ரி கால்பெர்க்கிடம் காட்டிய பிறகுதான் வெளியே சொன்னார். ஆனால் உள்ளதைச் சொன்னால், இதெல்லாம் எழுதிய கையைத்தான் காட்டும். எங்கோ கேட்ட மெட்டை அவர் குறித்து வைத்திருந்தாலும் அட்டை இப்படித்தான் இருக்கும்.

அதற்கு முந்தைய மாதம் லைப்சிக் நூலகத்திலிருந்து வந்த மொஸார்ட் செரினேட் நேர்மாறு. அது 1780 வாக்கில் யாரோ எடுத்த நகல். அங்கே பெயர் இருக்கிறது, கை இல்லை; இங்கே கை இருக்கிறது, பெயர் இல்லை. ஆனாலும் அந்த மொஸார்ட்டுக்கு, அவர் படைப்புகளை வரிசைப்படுத்தும் கோஹெல் பட்டியலில் 648 என்று எண்ணே கொடுத்துவிட்டார்கள்.

கறுப்புக்கட்டை:
சரி, அவருடையதே என்று வைத்துக்கொள்வோம். அச்சாகாத தாள்களை எரிக்கச் சொல்லிவிட்டுத்தானே கண்ணை மூடினார்? வாழ்நாளில் அவர் வெளியிட்ட வால்ட்ஸ் எட்டுதான். மற்றதை அவரே ஒதுக்கிவிட்டார்.

மழைக்காலம்:
அப்படி எரித்திருந்தால் அவருடைய புகழ்பெற்ற பியானோ படைப்பான ஃபாண்டசி இம்ப்ராம்ப்டுவும் சாம்பல்தான். நண்பர் ஃபோன்டானா அந்தச் சொல்லைத் தட்டி 1855இல் அச்சிட்டதால்தான் நம் கைக்கு வந்தது. என் மாணவிகள் முதலில் பழகும் ஏ மைனர் வால்ட்ஸும் அவர் இருந்தபோது அச்சேறவில்லை. நீங்களும் அதை வாசித்திருப்பீர்களே?

கறுப்புக்கட்டை:
வாசித்தேன், மறுக்கவில்லை. ஆனால் ஃபோன்டானா ஷோபானின் வாசிப்பைப் பக்கத்திலிருந்து கேட்டவர். இங்கே முதல் பதிவே உலக நட்சத்திரத்துடையது. அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிற்கிற இடத்தில் நின்று, அதுதான் மூலம் என்பதுபோல் ஆளாளுக்கு வாசிக்கிறார்கள்.

ஏட்டுப்பூச்சி:
இதை ஒப்புக்கொள்கிறேன். அட்டையின் படம் இணையத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து வாசிக்கலாமே. விரல் எண்கள்கூடப் போட்டிருக்கிறார்.

மழைக்காலம்:
ஒரு மாணவிக்குப் பதிவைப் போட்டுக் காட்டாமல் அப்படித்தான் கொடுத்துப் பார்த்தேன். மூன்று எஃப் வந்ததும் கையை எடுத்துவிட்டு, "மிஸ், இது தப்பா எழுதினதா?" என்றாள்.

கறுப்புக்கட்டை:
அவள் வாசிப்பதைப் பதிவு செய்து போடுங்கள் டீச்சர். கேட்கிறேன்.