பூட்டிக் கெடந்த வீட்டத் தொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு? அனுபவப்பட்டவுக சொல்லுங்க

கண்டனூர் பேரன்

போன பிள்ளையார் நோன்புக்கு ஊருக்குப் போனப்ப நடந்தது, இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச கததான், பல்லவன் ரயில்ல வந்து எறங்கி ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வர்றப்ப ராத்திரி ஆகிப்போச்சு, எப்பயாச்சும் தொறக்குற வீடு, முகப்புல லைட் எரியுது, உள்முத்தத்தச் சுத்துன வளவுல எரியல, புள்ளைங்க தூக்கத்துல தள்ளாடுதுங்க, சரி காலைல கூட்டிப் பெருக்கிக்கலாம்னு பட்டாலைக் கூடத்துல ஜமக்காளத்த விரிச்சாச்சு. என் மச்சான் செவுத்தோரமா அடுக்கியிருந்த பாய்ச்சுருள்ல ஒண்ண இழுத்தான். உள்ள இருந்து ஒண்ணு மெதுவா எறங்குது.

போன் டார்ச் அடிச்சேன். ஆத்தங்குடித் தரைக்கல்லு வழவழப்புல அதுக்குப் பிடிமானமே கெடைக்கல, ஒடம்ப இங்கிட்டும் அங்கிட்டும் போட்டு வளைக்குது ஆனா எடத்த விட்டு நகர மாட்டேங்குது. நல்ல கருப்பு, மேல மெல்லிசா வெள்ளைக் கோடு ரெண்டு ரெண்டா. கட்டுவிரியன். என் மக அதுக்கு நாலு கல்லு தள்ளி உக்காந்து ஷூ கழட்டிக்கிட்டு இருக்கா.

புள்ளைங்கள தூக்கித் திண்ணைக்குக் கொண்டு போயிட்டு 101க்கு அடிச்சோம், தீயணைப்பு வண்டி வந்து புடிச்சிட்டுப் போனாங்க. மனசு ஆறாதது அது இல்ல. வீட்டப் பாத்துக்குற பெரியவரு காலைல வந்து சாவகாசமா, "அது ரொம்ப நாளா இங்கனதான் கெடக்கு தம்பி, வீட்டுக்குக் காவல், ஒண்ணுஞ் செய்யாது"ங்குறாரு. தெரிஞ்சும் சொல்லல! நீங்கல்லாம் வீட்டத் தொறக்குறப்ப என்னென்ன பாப்பீங்க, சொல்லுங்க.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, பாம்பாச்சும் கண்ணுக்குத் தெரியும். எங்க வீட்டுல முன்னோருக்குச் செய்யிற படைப்பு அன்னைக்கு நடந்ததக் கேளுங்க. காரைக்குடில இருந்து சமையல் மாஸ்டரு ஆளுகளோட ராத்திரியே வந்துட்டாக, 19 கிலோ சிலிண்டர் ரெண்டு, வீட்டுப் பின்பக்கம் ரெண்டாங்கட்டுல எறக்கியாச்சு. விடியக்கால இருட்டுல எங்க சின்னாத்தா காப்பி போடலாம்னு உள்ள போயி, என்னடி இது ஒரு மாதிரி நாத்தம்னுக்கிட்டே லைட் சுவிட்சுக்குக் கைய நீட்டுறாக. பின்னாடி வந்த மாஸ்டரு அவுக மணிக்கட்டப் பிடிச்சு இழுத்துட்டாரு. ஆச்சி முகத்தப் பாத்துப் பேசாத மனுசன் அவரு, தரையப் பாத்துதான் எத்தன படி அரிசின்னு கேப்பாரு, அவரு கையப் பிடிச்சு இழுத்ததுல சின்னாத்தாவுக்கு மத்தியானம் எல போடுற வரைக்கும் கோவம். கேஸ்னு வெவரம் சொன்ன பெறகும் கோவம்தான்.

சுவிட்சப் போடவும் கூடாது, எரியிற லைட்ட அணைக்கவும் கூடாதாம், ரெண்டுலயும் பொறி வரும்னாரு. கேஸு காத்த விட கனம், மேல போகாது, தரையோட படுத்துக்கெடக்கும், அதுனால சன்னல மட்டும் தொறந்தா பத்தாது வாசக் கதவு பின்கதவு எல்லாத்தையும் விரியத் தொறன்னு தொறக்க வச்சு, சிலிண்டர மூடி போட்டுப் பின்கட்டு வெளிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. கடைசில பாத்தா வால்வுக்குள்ள இருக்க வேண்டிய ரப்பர் வாஷரு இல்ல. கைக்கொழந்த மோதிரம் தண்டிதான் இருக்கும் அது. இப்பல்லாம் புது சிலிண்டர் வந்தா ரெகுலேட்டர் மாட்டிட்டு சோப்பு நொரையத் தடவி முட்ட விடுதான்னு பாத்துட்டுத்தான் அடுப்புக்கிட்டயே போறது. கேஸ் லீக்குக்குக் கூப்புடுற 1906ங்குற நம்பர அடுப்படிக் கதவுல சாக்பீஸ்ல எழுதியும் வச்சிருக்கேன்.

செட்டிநாட்டுச் சிங்கம்

கண்டனூர்க்காரரே, பாம்ப உசுரோட விட்டதுதான் நீங்க செஞ்ச பெரிய தப்பு. கடிச்சிருந்தா எந்தப் பாம்புன்னு டாக்டரு கேப்பாரா மாட்டாரா? அடிச்சுப் பையில போட்டுக் கொண்டு போறதுதான் முறை. கடிவாய்க்கு மேல இறுக்கி ஒரு கட்டு, கீறி விட்டு ரத்தத்த வெளியேத்துறது, எங்க அய்யா காலத்துல இருந்து இதான். இப்ப எல்லாத்துக்கும் நம்பர் வேற.

நைட் டூட்டி

மேல உள்ளவரு சொன்னது ஒண்ணு கூட செய்யாதீங்க, தயவு செஞ்சு. நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில நர்ஸ்.

விடியக்காலம் ஒருத்தர வயித்துவலின்னு கூட்டிட்டு வந்தாங்க. வயல் வேலைக்காரரு, ராத்திரி தரையில படுத்திருந்தாரு, கடிச்ச தடமே இல்ல, பாம்புன்னு யாரும் நெனைக்கல, ராத்திரி தின்ன பரோட்டாதான் காரணம்னு அவரு பொண்டாட்டி சத்தியம் பண்ணுது. கொஞ்ச நேரத்துல ரெண்டு இமையும் எறங்கிருச்சு, எச்சி முழுங்க முடியல. டாக்டர் பாத்த ஒடனே கட்டுவிரியன்னுட்டாரு. மூச்சுக்கு மெஷின் போட்டாச்சு. கை கால் அசையாது, கண்ணு தொறக்காது, பாக்குறவங்களுக்குப் பொணம் மாதிரி, வெளிய சொந்தக்காரங்க அழ ஆரம்பிச்சாச்சு. நான் அவரு இமைய வெரலால தூக்கிப் பிடிச்சு, அண்ணே நான் பேசுறது கேக்குதான்னு கேட்டேன், கண்ணுல இருந்து தண்ணி வழியுது. உள்ள முழுசா முழிச்சிட்டுத்தான் கெடக்காரு. அந்த ஆளு நடந்து வீட்டுக்குப் போனாரு, ஆனா அந்தக் கண்ணு எனக்கு இன்னும் மறக்கல.

சிங்கம் அண்ணே, நம்ம ஊருல குடுக்குற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்ட விரியன் நாலுக்கும் சேத்து ஒரே மருந்துதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில, 1978ல தொடங்குன இருளர் பாம்புபிடி கூட்டுறவு சங்கத்துல எடுக்குற விஷம்தான் அதுக்கு முக்கிய ஆதாரம். பாம்புப் பொணத்த கொண்டு வந்தா எங்களுக்குத்தான் தலைவலி, செத்துச்சுன்னு நெனைச்ச பாம்பு கூட கடிக்கும். நாங்க ரத்தத்தக் கண்ணாடிக் குழாயில ஊத்தி 20 நிமிசம் வச்சு உறையுதான்னு பாப்போம், உறையலன்னா கண்ணாடி விரியன், சுருட்ட விரியன் மாதிரி பாம்பு வேலன்னு தெரிஞ்சுரும். கட்டும் வேணாம் கீறவும் வேணாம், மோதிரம் வளையல் கொலுசக் கழட்டிட்டு, கடிபட்ட கைய கால ஆட்டாம ஒரு கட்டையோட சேத்து லேசா கட்டி, நடக்க விடாம 108ல ஏத்துங்க. ராத்திரி தரையில படுத்தவுகளுக்கு விடிகாலைல காரணமே இல்லாம வயித்துவலி, இமை தொங்குனா பாம்ப நெனைங்க. கட்டில செவுத்த விட்டுத் தள்ளிப் போட்டு, கொசுவலைய மெத்தைக்குக் கீழ சொருகிப் படுங்க. அவ்ளோதான்.

பள்ளத்தூர் முகப்பு

எங்க கத வேற மாதிரி. வீடு இங்க பூட்டிக் கெடக்கு, அப்பச்சி என்கூட சென்னையில. ஒரு நாள் சாயங்காலம் அவருக்கு மெசேஜ், உங்க போன மாச கரண்ட் பில் அப்டேட் ஆகல, இன்னைக்கு ராத்திரி 9.30க்கு லைன் கட் பண்ணிருவோம், இந்த அதிகாரிக்குப் பேசுங்கன்னு ஒரு நம்பர். அப்பச்சிக்குப் பதட்டம், ஊருல வீட்டுக் கரண்ட்டு போயிட்டா மோட்டர் ஓடாது, தென்னங்கன்னு காஞ்சுரும்னு. போன் பண்ணிட்டாரு. அந்தப் பக்கம் அவ்ளோ மரியாத, அய்யா அய்யாங்குறான், 10 ரூவா மட்டும் கட்டுங்கய்யா, இந்த ஆப்ப எறக்குங்க, நானே ஒங்க ஸ்கிரீனப் பாத்து சரி பண்ணித் தாரேன்னு.

அப்பச்சி கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா தட்டிக்கிட்டு இருக்காரு. ஆத்தா அடுப்படில இருந்தே, "நம்ம ஊருல பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கால்ல வரும், அதென்ன போன மாசப் பில்லு, அத கேளுங்க"ன்னாங்க. இவரும் அப்டியே கேட்டாரு. டொக்குனு வச்சிட்டான். நான் ஆபீஸ்ல இருந்து வந்தப்ப ரெண்டு பேரும் எதுவுமே நடக்காத மாதிரி சீரியல் பாத்துக்கிட்டு இருக்காங்க! பணம் போயிருந்தா சைபர் மோசடிக்குன்னு உள்ள 1930ல ஒடனே சொல்லணும், சீக்கிரம் சொன்னாத்தான் பேங்க்ல நிறுத்தி வைக்க முடியும். பில்லு சந்தேகம்னா மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987. மெசேஜ்ல வந்த நம்பருக்குப் பேசவே பேசாதீங்க.

ரிட்டயர்டு சூப்பர்வைசர்

எல்லாரும் பாம்பையே பேசுறீங்க, கரண்ட்ட யாரும் பேசல. என் அனுபவம் சின்னது, கொத்தமங்கலம் பக்கம் ஒரு வீட்ல மழைக்கப்புறம் வளவு இரும்புத் தூண் கிட்ட டெஸ்டர வச்சேன், எரிஞ்சுது. அவ்ளோதான், யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அந்தத் தூண்லதான் அந்த வீட்டு ஆச்சி தெனமும் சாஞ்சு உக்காந்து பூ கட்டுவாக.

இனிமே சொல்றது யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். நம்ம வீடுகள்ல பாதி எடத்துல இன்னும் மர ரீப்பர் மேல ஓடுற பழைய வயரிங், மேல சுத்துன ரப்பர் தொட்டா உதிரும், எலி வேற கடிச்சு வச்சிருக்கும். வீட்டத் தொறந்த ஒடனே மெயின போடாதீங்க, மொதல்ல எல்லா சுவிட்சையும் ஆப் பண்ணிட்டு, மெயின போட்டு, ஒவ்வொரு அறையா போட்டுக்கிட்டே வாங்க, கருகுன வாட வந்தா அந்த அறையோட நிறுத்துங்க. ப்யூஸ் கட்டையப் புடுங்கிப் பாத்தா பல வீட்ல தடிக் காப்பர் கம்பிய முறுக்கிப் போட்டிருப்பான், அது ப்யூஸே இல்ல, வயரு எரிஞ்சாலும் அது போகாது. லோடு அதிகமானா விழுற எம்சிபி சுவிட்சு இருக்கே அப்புறமென்னன்னு கேப்பீங்க, எம்சிபி காப்பாத்துறது வயர, மனுசன இல்ல. மனுசனுக்கு, கரண்ட் கசிஞ்சா தானா விழுற ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர்னு போட்டது கேட்டு வாங்குங்க, அதுல 'T'ன்னு ஒரு பட்டன் இருக்கும், ஒவ்வொரு தடவ ஊருக்கு வர்றப்பயும் அத அமுக்குனா டப்புனு விழணும், விழலன்னா மாத்திருங்க. மோட்டரு மாசக்கணக்கா ஓடாமக் கெடந்தா பாடிய ஈரக்கையால தொடாதீங்க, செருப்பு போட்டுக்கிட்டு, டெஸ்டர வச்சுப் பாத்துட்டு அப்புறம்தான். சீரியல் செட்டு போடுறவன் கொக்கிய எங்க மாட்டுறான்னு கல்யாண வீட்டுக்காரவுக பக்கத்துல நின்னு பாருங்க.

ஆச்சிக்கு ஒரு திருத்தம், தப்பா நெனைக்காதீங்க: 1906 நம்பர அடுப்படிக் கதவுல எழுதுனா கேஸ் லீக் ஆகுறப்ப அத பாக்க உள்ளல்ல போகணும்? வாசல்ல எழுதுங்க. போனையும் வெளிய வந்து பேசுங்க.

தேவகோட்டை ஆச்சி

சூப்பர்வைசர் சொல்றது சரிதான், திண்ணச் செவுத்துக்கு மாத்திட்டேன். ஆனா எங்க வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்குங்க. இரும்பு இல்ல.

நாச்சியாபுரத்தான்

தேனீய யாரும் சொல்லல. மாப்ள அழப்பு, முகப்புக்கு மேல கார்னிஸ்ல பெருந்தேனீ அடை தொங்குறது எல்லாருக்கும் தெரியும், அது பாட்டுக்கு இருக்குன்னு விட்டாச்சு. எவனோ பத்தாயிரம் வாலாவ வாசல்ல கொளுத்திட்டான். பொகை மேல போச்சு, அடை கீழ வந்துருச்சு. தவில்காரரு தவிலத் தலைக்கு மேல கவுத்துக்கிட்டு ஓடுறாரு, மாப்ள ஊரணியப் பாத்து ஓடுறாரு. ஊரணில குதிக்கப்படாது, தலய வெளிய நீட்டுற வரைக்கும் மேலயே சுத்தும். துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு ஒரு அறைக்குள்ள போயி கதவச் சாத்தணும். குத்துன கொடுக்க எப்டி எடுக்கலாம்னு யோசிக்காம ஒடனே எடுத்துரணும், மூஞ்சி வீங்குனா மூச்சு எளச்சா நேரா ஆஸ்பத்திரி. தாலி கட்டுறப்ப மாப்ளைக்கு ஒரு கண்ணுதான் தெறந்துச்சு.

செட்டிநாட்டுச் சிங்கம்

பொகைன்னதும் ஞாபகம் வருது. பழைய கெணத்துல எறங்குறப்ப மெழுகுவத்தி கட்டி எறக்கிப் பாக்கணும், அணைஞ்சா எறங்கக் கூடாது. இதுக்கும் நர்ஸம்மா ஏதாச்சும் சொல்லுவாக.

நைட் டூட்டி

சொல்லத்தான் போறேன் அண்ணே. மெழுகுவத்தி அணைஞ்சா காத்து இல்லன்னு தெரியும், சரி. ஆனா அணையலன்னா விஷவாயு இல்லன்னு அர்த்தமில்ல, எரியிற வாயு இருந்தா மெழுகுவத்தியே வெனையாயிரும். அழுகுன முட்ட வாட அடிக்கிற வாயு இருக்கே, அது அதிகமானா மூக்கே மரத்துப் போயிரும், வாட போயிருச்சுன்னு நெனச்சு எறங்குவாங்க. எங்ககிட்ட வர்ற கெணத்துக் கேஸ்ல மொதல்ல விழுந்தவரோட அவரத் தூக்க எறங்குன தம்பியும் சேந்துதான் வருவாரு. கயிறு கட்டாம, ஆக்சிஜன் செட்டு இல்லாம யாரும் எறங்காதீங்க, தீயணைப்புக்காரங்க வர்ற வரைக்கும் மேல நிக்கிறது எவ்ளோ கஷ்டமா இருந்தாலும் நில்லுங்க.

ஏழாவது புள்ளி

நீங்க சொல்ற எல்லா லிஸ்ட்டும் சரி, ஆனா அறைய நாம தொறக்க முடிஞ்சாத்தான? எங்க பெரிய வீட்ல புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை, அவுகவுக பூட்டு. போன படைப்புல எல பரிமாறிக்கிட்டு இருக்கோம், வளவுல மூணாவது அறைக் கதவுக்கு அடியில இருந்து பொகை வருது. சாவி கோலாலம்பூர்ல. போன் போட்டா ரிங் போகுது, அங்க தூங்குற நேரமும் இல்ல, எடுக்கல. மெயின எறக்கிட்டோம், பொகை நிக்கல, உள்ள ஏற்கனவே ஏதோ பத்திக்கிச்சு. கோடாலியால கதவ வெட்டுனா அந்தத் தேக்கு கோடாலிய திருப்பி அனுப்புது, கதவுல இருந்த பித்தளக் குமிழு, கும்மாச்சு மட்டும் தெறிச்சு வந்து என் காலுகிட்ட விழுந்துச்சு. கடைசில மேல காத்துப்போக்கிய ஒடச்சு, ஏணி மேல நின்னு, கொல்லையில வேலைக்குக் குவிச்சிருந்த மணல வாளி வாளியா உள்ள கொட்டித்தான் அணைஞ்சுது. எலி கடிச்ச வயரு, அதுக்குக் கீழ பழைய ஓலைக் கொட்டானும் தடுக்கும் அடுக்கி வச்சிருந்தாக, எரியாம என்ன செய்யும்.

மறுநா பங்காளி போன எடுத்தாரு. மொதக் கேள்வி, "கதவுல வெட்டு எத்தன?" ஒவ்வொரு அறைச் சாவியும் இன்னொன்னு சீல் வச்ச கவர்ல போட்டு ஊருல இருக்குற மூத்த வீட்டுல குடுத்து வைக்கணும்னு எல்லாப் புள்ளிக்கும் எழுதிப் போட்டேன். அஞ்சு பேரு குடுத்துட்டாக. கோலாலம்பூர்ல இருந்து மட்டும் கும்மாச்சுக்குக் காசு கேட்டு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு.