ஆறவைத்தாலும் மறுபடி கொதிக்கும் வீரா

வணக்கம். காடி (கார்) 1999 புரோட்டான் வீரா 1.5, மேனுவல். நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள். மூன்று மாதமாக ஒரே தொல்லை. ஈப்போ சாலையில் இருபது நிமிடம் ஓடினாலே வெப்ப முள் மேலே ஏறிவிடுகிறது. தோட்டத்து மண்சாலையில் மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை, அதுதான் குழப்பம்.

தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி இரண்டும் மாற்றியாயிற்று. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பும் எடுத்தோம். விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறது. அப்புறம் போமன் (மெக்கானிக்) வாட்டர் பம்பையும் மாற்றினார். மொத்தம் 600 வெள்ளி. இரண்டு வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதைதான்.

வாரத்துக்கு அரை லிட்டர் கூலண்ட் காணாமல் போகிறது. ராத்திரி காடிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. எண்ணெய்க் குச்சியில் பால் நிறமும் இல்லை. ஆனால் விடியற்காலையில், இஞ்சின் சில்லென்று கிடக்கும்போதே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்து நிற்கிறது.

இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்து பார்த்துவிடலாம் என்கிறார் போமன். திறந்த பிறகு காரணம் வேறு என்றால் அந்தக் காசும் போச்சு.

ஹெட்டைக் கழற்றாமலே, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டதா என்று உறுதி செய்ய, பட்டறையில் என்ன சோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்?