தோட்டத்துப் பழைய சாமான்கள்: உதவி தேவை

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் புழங்கிய பொருட்களைச் சேர்த்து, எங்கள் வாசிகசாலையில் காட்சிக்கு வைக்கப் போகிறோம். என் அம்மாயியின் கொழுந்துக் கூடைதான் முதலில் வந்தது. அப்புறம் தேயிலைச் செடியை வெட்டிவிடும் இரண்டு கவ்வாத்துக் கத்தி, ஒரு கொழுந்துத் தராசு, தோட்டத்துப் பெயரும் பி.ஓ.பி. என்ற தேயிலைத் தரமும் அச்சிட்ட ஒரு மரப்பெட்டி.

தராசுதான் கவலை. இந்தக் கடல் காற்றில் ஒரே மாதத்தில் துரு ஏறிவிட்டது. சாண்ட்பேப்பரால் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்த்தால் முகப்பில் உள்ள எழுத்துகளும் போய்விடுமே! எண்ணெய் பூசுவதா, மெழுகா? இரும்புச் சாமான் பராமரித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையே இன்று தேயிலை அருங்காட்சியகம். பெரிய இயந்திரங்களை அங்கே பார்க்கலாம். நாங்கள் தேடுவது வேலை செய்தவர்களின் கையில் இருந்தவை: இடுப்பில் கட்டிய படங்கு (முரட்டுத் துணி), சம்பளத் துண்டு, தமிழ்நாட்டில் இருந்து ஆட்களைக் கூட்டிவந்தபோது கொடுத்த, தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகர டிக்கெட். உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் இரவலாகத் தந்தாலும் போதும். யார் பாவித்தது, எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெயரையும் பக்கத்திலேயே எழுதி வைப்போம்.