போர்வை குறுகிக்கொண்டே போகிறது, வழி சொல்லுங்களேன்

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. அடுத்த மாதம் 12ஆம் தேதி விமானம். குழந்தைக்காகப் பருத்தி நூலில் குரோஷா போர்வை பின்னுகிறேன். 120 கண்ணியில் ஆரம்பித்தேன். நேற்று ராத்திரி சந்தேகம் வந்து எண்ணினால் 96தான்! இரண்டு ஓரமும் உள்ளே சரிந்து, விரித்தால் முறம் மாதிரி இருக்கிறது. வரிசை திருப்பும்போது போடும் 3 சங்கிலியை முதல் கண்ணியாக வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது அதன் தலையில் பின்னாமல் விட்டிருக்கிறேன் போல. (பெரிய பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டால் எண்ணிக்கை எங்கே நிற்கும்?) பாதிப் போர்வையைப் பிரிக்க மனசே வரவில்லை. இனிமேல் ஓரத்தில் கண்ணி கூட்டிச் சமாளிக்கலாமா, பிரித்துத்தான் ஆகணுமா? அப்புறம், குரோஷா ஊசியைக் கைப்பையில் வைத்து விமானத்தில் கொண்டுபோனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதையும் சொல்லுங்கள்.