புதுப்பிப்பு: பாபினில் ஒரு பக்கமே குவிந்த நூல்

பாட்டியின் சிங்கர் 28 தையல் மெஷினில் பாபின் (அடிநூல் சுற்றும் சிறு உருளை) சுற்றும்போது நூல் ஒரு முனையிலேயே குவிகிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது! பாபின் சுற்றும் கருவியில் இருக்கும் இதய வடிவச் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னவருக்குக் கோடி நன்றி.

அந்தச் சக்கரம் சுற்றச் சுற்ற, நூலை ஏந்தும் கம்பி அதன் விளிம்பை ஒட்டியே இடமும் வலமும் சீராகப் போய்வர வேண்டும். இந்த பாபின் நீண்டு மெலிந்தது. கம்பி நின்றுவிட்டால் நூல் ஒரே இடத்தில் புடைத்துக்கொள்ளும், பாபினை வைக்கும் ‘படகு’ என்ற உறைக்குள் நுழையாது.

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடியில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் கழற்றிப் பார்த்தார். காய்ந்த எண்ணெயும் பஞ்சுத் தூசும் கம்பியின் மூட்டில் கெட்டியாக அப்பியிருந்தன. சுரண்டித் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டார். அப்புறம் சுற்றினால் நூல் வரிவரியாகப் படிகிறது, என்ன அழகு! சுற்றும் கருவியின் தேய்ந்த ரப்பர் வளையத்தை மட்டும் இனி மாற்ற வேண்டும்.