தாய்லாந்துக்குத் தாயும் மகளும் தனியாகச் செல்கிறோம்: எதில் கவனம் தேவை?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலை மாதத்தில் நானும் என் மகளும் எட்டு நாள் பயணமாகத் தாய்லாந்து செல்கிறோம். முதல் நான்கு நாள் பாங்காக், அதன் பிறகு புக்கெட் தீவு. பயண முகவர் எவரும் இல்லை. விமானச் சீட்டு, விடுதி எல்லாவற்றையும் மகளே பதிவு செய்துவிட்டாள். எனக்கு வயது 56. சிங்கப்பூரில் உறவினர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வந்ததைத் தவிர வெளிநாட்டு அனுபவம் எனக்கில்லை. இரவில் இரண்டு பெண்கள் வெளியே நடமாடலாமா, கைப்பையையும் கடவுச்சீட்டையும் எப்படிக் காப்பது என்பவையே என் கவலைகள். மகளோ, ஐந்து ஆண்டுகளாக மதுரைச் சாலைகளில் ஸ்கூட்டர் ஓட்டிய தனக்குப் புக்கெட்டில் ஓட்டுவது ஒன்றும் பெரிதல்ல, அங்கே வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறாள். சென்று வந்தவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாங்காக்வாசி எழுதியது:

அம்மா, வணக்கம். ஆறு ஆண்டுகளாகப் பாங்காக்கில் வேலை பார்த்து வருகிறேன். நீங்கள் அஞ்சும் இடத்தில் ஆபத்து குறைவு. உங்கள் மகள் அஞ்சாத இடத்தில்தான் அது அதிகம். இரவு பத்து மணிக்கும் இங்கே ரயில்களில் பெண்கள் தனியாகச் செல்வதைக் காணலாம். கூட்டமான சந்தையில் கைப்பையை முன்புறம் போட்டுக்கொள்வது போன்ற, நம் ஊரில் கடைப்பிடிக்கும் கவனமே போதுமானது. ஆனால் தாய்லாந்தில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இங்கும் நம்மைப் போலச் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பதால் நம்மவர்களுக்குப் பழகிய சாலை போன்ற ஒரு மயக்கம் ஏற்படுகிறது. புக்கெட்டிலோ படோங், கரோன் கடற்கரைகளுக்கு இடையே செங்குத்தான ஏற்ற இறக்கங்களும் வளைவுகளும் உண்டு. ஜூலை மழையில் அவை வழுக்கும்.

சட்டப்படியும் சிக்கல் இருக்கிறது. இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும், ஓராண்டு செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரை இருக்க வேண்டும். கார் ஓட்டும் அனுமதியை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டிக் கீழே விழுந்தால், பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுத்துவிடலாம். வண்டியை வாடகைக்கு விடும் பலர் கடவுச்சீட்டை ஈடாகக் கேட்பார்கள். எக்காரணத்தைக் கொண்டும் கொடுக்காதீர்கள். வண்டியைத் திருப்பித் தரும்போது ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டிப் பணம் கேட்டால், கடவுச்சீட்டு அவர் கையில் இருக்கும் வரை நீங்கள் வாதாடவே முடியாது. புக்கெட்டில் கிராப், போல்ட் செயலிகள் மூலம் கார் கிடைக்கிறது; விமான நிலையத்திலிருந்து மேற்குக் கடற்கரைகள் வழியாகப் பேருந்தும் உண்டு.

ஏமாந்தசோணகிரி எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதோடு, என் பெயருக்குக் காரணமான கதையையும் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கில் அரண்மனையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, நன்றாக உடுத்திய ஒருவர் மரியாதையாக ஆங்கிலத்தில் பேசி, இன்று காலை பூசை நடப்பதால் அரண்மனை பிற்பகலில்தான் திறக்கும் என்றார். அதற்குள் வேறு கோவில்களைப் பார்த்து வரலாமென்று தாய்லாந்துப் பணத்தில் 20 பாட்டுக்கு ஒரு துக்-துக் ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். ஊர் சுற்ற 20 பாட் என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு கோவில்களுக்குப் பின் அந்த வண்டி நின்றது ஒரு நகைக்கடை வாசலில். இந்தியாவில் இருமடங்கு விலைக்கு விற்கலாம் என்ற பேச்சை நம்பி நான் வாங்கிய நீலக்கல், சென்னையில் பரிசோதித்தபோது கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கும் பெறவில்லை. அரண்மனைக்குப் பொதுவாகக் காலை 8.30 மணி முதல் பிற்பகல் 3.30 மணி வரை நுழைவுச்சீட்டு தருகிறார்கள். அரச சடங்குகளுக்காக மூடும் நாளும் உண்டு. அதையும் வாசலில் உள்ள காவலரிடம்தான் கேட்க வேண்டுமே தவிர, வழியில் தானாக வந்து பேசுபவரிடம் அல்ல. தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். சேலைக்கும் சுடிதாருக்கும் பிரச்சினையில்லை.

நாட்டுக்குள் நுழையும் முன் நிரப்ப வேண்டிய மின்வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயமாகியுள்ளது. குடிவரவுத் துறையின் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை; பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

பாங்காக்வாசி எழுதியது:

ஜூலை என்பதால் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரையில் பருவமழைக் காலம். கரையில் நின்று பார்ப்பவருக்கு அலை சிறிதாகத் தோன்றும்; ஆனால் நீரோட்டம் மனிதரைக் கடலுக்குள் இழுத்துச் சென்றுவிடும். சிவப்புக் கொடி இருக்குமிடத்தில் முழங்கால் அளவு நீரிலும் இறங்க வேண்டாம். இழுத்துச் செல்லப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். 2018 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புக்கெட் அருகே புயலில் மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தும் கிளம்பிய படகு அது. ஆகவே தீவுப் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும், எச்சரிக்கை வந்த நாளில் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்கூட்டர் பேச்சை விட்டுவிட்டாள்; சற்று முகம் சுளித்தபடிதான். கடவுச்சீட்டு தொலைந்தே போனால் என்ன செய்வது என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

பாங்காக்வாசி எழுதியது:

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலைப் பெற வேண்டும். 1155 என்ற எண்ணில் சுற்றுலாக் காவலர்கள் ஆங்கிலத்திலேயே உதவுவார்கள், ஆம்புலன்ஸுக்கு 1669. பிறகு சுகும்வித் 23ஆம் சந்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குச் சென்றால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து இந்தியாவுக்குத் திரும்பலாம், வேறெங்கும் செல்ல முடியாது. கிளம்பும் முன் தாய்லாந்துக் குடிவரவு அலுவலகத்தில் நீங்கள் நாட்டுக்குள் வந்த பதிவையும் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் வருகை முத்திரை விழுந்த பக்கத்தையும் படமெடுத்து, உங்கள் கைப்பேசியில் மகளுடையதும் மகள் கைப்பேசியில் உங்களுடையதுமாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா.