மார்பின் மருந்து கொடுத்தால் புற்றுநோய் பரவுமா?

மோல்மீன் ராஜா:
ரங்கூனில் சித்திக்கு நுரையீரல் புற்றுநோய், முற்றிய நிலை. வலியை அடக்க, அபினிலிருந்து எடுக்கும் மார்பின் என்ற மருந்தை டாக்டர் எழுதியிருக்கிறார். வேண்டாம் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன். 2002இல் அமெரிக்காவில் எலிகளுக்கு மார்பின் கொடுத்தபோது மார்பகக் கட்டியில் புது இரத்தக் குழாய்கள் கிளைத்தன, கட்டியும் வளர்ந்தது. மார்பின் போய் ஒட்டும் மியூ ஏற்பி சில நுரையீரல் புற்றுச் செல்களில் அதிகமாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். தெரிந்தே எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதா?

நர்ஸ் செல்வி:
தம்பி, எலிக் கணக்கு என்றால் இதையும் பாருங்கள். 1993இல் வெளிவந்த சோதனை. அறுவை செய்த எலிகளுக்கு நுரையீரலில் புற்று கூடுதலாகக் குடியேறியது. மார்பின் கொடுத்தவற்றில் அது குறைந்தது. வலியும் அறுவையின் அதிர்ச்சியும் புற்றுச் செல்களைக் கொல்லும் நோய் எதிர்ப்புச் செல்களைச் சோர வைக்கின்றன.

மனிதர்களில் பார்த்ததும் உண்டு. 2019இல் லான்செட் இதழில் வந்தது: மார்பகப் புற்று அறுவைக்கு வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு நரம்பை மரக்க வைக்கும் ஊசி, மறு பாதிக்கு வழக்கமான மயக்க வாயுவும் ஓபியாய்டும், அதாவது மார்பின் வகை வலி மருந்தும். இரு பக்கமும் சுமார் 10 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது.

மோல்மீன் ராஜா:
அக்கா, அது ஆபரேஷன் சமயத்து மருந்து. சித்தி மாதக்கணக்கில் குடிக்க வேண்டும். அதிக டோஸ் வாங்கியவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்றும் கணக்குகள் இருக்கின்றனவே?

நர்ஸ் செல்வி:
மாதக்கணக்குக்கு அந்த ஆய்வு பதில் சொல்லாது, சரிதான். ஆனால் நோய் முற்றியவருக்குத்தானே டோஸ் ஏறுகிறது? மருந்தால் போனாரா, நோயால் போனாரா என்று அந்தக் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது. வலி இருந்தால் நடப்பதோ கண் முன்னால் தெரிகிறது. விலா வலிக்கும் என்று பயந்து இருமாமல் அடக்குவார்கள், மூச்சை முழுசாக இழுக்க மாட்டார்கள். சளி தேங்கி நிமோனியா வரும்.

பெகு அண்ணாச்சி:
2023இல் அபின் விளைச்சலில் ஆப்கானிஸ்தானையே நம் மியான்மர் முந்தியது. அப்படியும் நோயாளிக்கு மார்பின் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்ததையும் தடுக்கிறீர்களே, தம்பி!

மோல்மீன் ராஜா:
நரம்பு மரக்கும் ஊசி சித்திக்குப் போட முடியுமா என்று நாளை டாக்டரைக் கேட்கிறேன். முடியாது என்றால்தான் மார்பின்.

நர்ஸ் செல்வி:
தாராளமாகக் கேளுங்கள். அதுவரை டாக்டர் எழுதிய டோஸைத் தடுக்காதீர்கள், இன்று ராத்திரியே கொடுக்கட்டும். மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து எழுதச் சொல்லுங்கள்.